மஞ்சள் வரக் கூடாத தட்டு

கரண்ட் இப்போதைக்கு வராது. மெழுகுவத்தியை நடுவில் வையுங்கள்... சொல்கிறேன். நம்ம வைஜெயந்தியின் சித்தி மகள் சுகுணாவுக்கு நடந்தது இது. வைஜெயந்தி இதோ உட்கார்ந்திருக்கிறாள், பொய்யென்றால் அவளே நிறுத்தட்டும்.

சுனாமி முடிந்து எட்டு வருஷம். இரவு ஒன்றே கால். போர்ட் பிளேரில் மரைன் ஹில் இறக்கத்தில் சுகுணா தனியாக ஆய்வுக்கூடத்துக்கு நடக்கிறாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. மூன்று நாளாகத் தூக்கமில்லை அவளுக்கு. உயிருள்ள செல்களோடு வேலை, பாருங்கள்... கைப்பிள்ளை மாதிரி. நேரத்துக்கு எழுந்து போய்த்தான் ஆக வேண்டும்.

செல்லின் மேல்தோலில் ஏற்பிகள் இருக்கும். வெளியிலிருந்து வரும் சேதியை வாங்குபவை. அவற்றில் இரண்டு வகை ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. ஒன்றுக்கு நீலச் சாயம், மற்றதற்கு மஞ்சள். நீல விளக்கைப் போட்டு நீலச் சாயத்தை மட்டும் தூண்டுவார்கள். இரண்டும் ஒட்டி நின்றால் நீலம் தன் ஒளியைப் பக்கத்தில் இருப்பதற்குக் கொடுத்துவிடும். மஞ்சள் ஒளிரும். விலகி நின்றால் ஒளிராது. சரிபார்க்க ஒரு தட்டு தனியாக உண்டு. அதில் நீலச் சாயம் மட்டும். அங்கே மஞ்சள் வரவே கூடாது.

இருட்டு அறை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேமரா... டக்.

இரண்டு மணிக்கு அந்தத் தட்டில் மஞ்சள் வந்தது.

அசதியில் சாயத்தை மாற்றி ஊற்றிவிட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கொட்டிவிட்டு, புட்டியின் பெயரை இரண்டு தடவை வாசித்து, இன்னொரு தட்டுக்கு நீலம் ஏற்றினாள். மூன்றரைக்கு மறுபடி மஞ்சள். கூடவே ஒரு வாடை... புளித்த ரப்பர் பால். கச்சால் தீவில், அப்பா ரப்பர் பால் வெட்டிய தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்த வாடை தெரியாதா? போர்ட் பிளேரில், பூட்டிய அறைக்குள் அது எப்படி வரும்?

கச்சாலில்தான், அந்தச் சுனாமியில், தங்கச்சி திவ்யா போனாள். ஆறு வயது. அலை பிடுங்கிக்கொண்டு போனது என்று அப்பாவிடம் சுகுணா சொன்னாள். எல்லாரும் நம்பினார்கள். அலை பிடுங்கவில்லை. ஒரு கையில் தென்னை, ஒரு கையில் திவ்யா. கை சோர்ந்துவிட்டது. இவளாகத்தான் உதறினாள். பாவம், எட்டு வருஷம் அதை நெஞ்சிலேயே வைத்துப் புழுங்கியிருக்கிறாள்.

மூன்றாவது தட்டில் சாயமே ஏற்றவில்லை. வெறும் செல்கள். நீல விளக்கைப் போட்டாள்... மஞ்சள். ஐந்து நிமிஷம் ஆகவில்லை, கேமரா தானாக டக். மறுபடி டக்.

சுகுணாவுக்குப் பயம்கூட வரவில்லையாம். அவ்வளவு அசதி. திரையைப் பார்த்து மெல்லச் சொன்னாள்.

"விட்டுரு திவ்யா... அக்காவால முடியல."

அன்றைக்குத் தண்ணீரில் சொன்னதும் இதேதான்.

விளக்கை அணைக்க இடது கையை நீட்டினாள். நீல ஒளி மணிக்கட்டில் விழுந்தது. தோலில் மஞ்சளாக நாலு கோடுகள், சின்னச் சின்னதாக. உள்பக்கம் ஒரு கட்டைவிரல் தடம். சோப்பு, ஸ்பிரிட், எதற்கும் போகவில்லை. விடிந்ததும் ஓடிவந்து வைஜெயந்தியிடம்தான் எல்லாவற்றையும் கொட்டினாள்.

பிறகு மெயின்லேண்டில் வேலை வாங்கிக்கொண்டு கப்பலேறிவிட்டாள். வருஷம் ஒருமுறை அந்தக் கையை நீல விளக்கில் காட்டிப் பார்ப்பாளாம். போன மாதமும் பார்த்திருக்கிறாள். தடம் மங்கவில்லை.

விரல்கள் வளர்ந்திருக்கின்றன.