ஏணியைப் பிடிச்சவன்

மனைவி: போன் டெட். சார்ஜரை எங்க வச்சீங்க?

எலக்ட்ரீஷியன்: சார்ஜ் இல்லேன்னு சொல்லேன்...

மனைவி: கடிகாரம் டெட், டார்ச் டெட், ஸ்கூட்டர் பேட்டரி டெட்... வாய்க்கு வாய் நீங்க சொன்னதுதானே? கையில கட்டு போட்டதிலேர்ந்து அதைக் கேட்டாலே துள்ளுறீங்க!

எலக்ட்ரீஷியன்: கதவைத் திற. யாரோ பெல் அடிக்கறாங்க.

மனைவி: வேற யாரு, உங்க கூட்டாளிதான். வாப்பா தம்பி. ஆரஞ்சா? பொண்டாட்டி கொடுத்து விட்டாளா? நீ ஏணியை ஒழுங்கா பிடிச்சிருந்தா இவரு விழுந்திருக்க மாட்டாரு, இந்த ஆரஞ்சுக்கே வேலை இல்ல.

கூட்டாளி: தப்புதான் அண்ணி.

எலக்ட்ரீஷியன்: விடு, இவளே...

மனைவி: இவன் விட்டது போதாதா, நான் வேற விடணுமா? எங்க பராக்கு பாத்துட்டு இருந்தே?

கூட்டாளி: ஆரஞ்சை எங்க வைக்கட்டும் அண்ணி?

மனைவி: பேச்சை மாத்தறான் பாருங்க! சூப்பர்வைசர்கிட்ட பேசிட்டேன். இனிமே உங்ககூட வேற ஆள்தான்.

எலக்ட்ரீஷியன்: என்னது! யாரைக் கேட்டு?

மனைவி: ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு பயம் பயந்தேனே, அதைக் கேட்டு.

கூட்டாளி: அண்ணி சொல்றது சரிண்ணே. நான் வேற சைட்டுக்குப் போயிக்கறேன்.

எலக்ட்ரீஷியன்: நீ சும்மா இருடா. இதுக்கு மேல என்னால முடியாது.

கூட்டாளி: வேண்டாம்ணே... சொல்லக் கூடாதுன்னு பேசி வச்சோமே...

மனைவி: என்னத்தைப் பேசி வச்சீங்க?

எலக்ட்ரீஷியன்: அன்னிக்கு 'லைன் டெட், கரண்ட் இல்ல'னு சொல்லிட்டு ஏறினது நான். ஆனா ஆஃப் பண்ணினது பக்கத்து ஸ்விட்சை. டெஸ்டர்கூட வச்சுப் பாக்கல.

மனைவி: ஐயோ... கரண்ட் இருந்துதா?

எலக்ட்ரீஷியன்: இருந்தது. கீழ அதே வயர்ல இவன் டெஸ்டர் வச்சான், லைட் எரிஞ்சுது. கத்தியிருக்கான். மோட்டார் சத்தத்துல எனக்குக் கேக்கல. நான் கையை நீட்டிட்டேன்...

மனைவி: நீட்டி?

எலக்ட்ரீஷியன்: இவன் ஏணியை விடலைடி. உதைச்சுத் தள்ளினான்.

மனைவி: தள்ளினானா? எதுக்கு?

எலக்ட்ரீஷியன்: என் கை வயர்ல படறதுக்குள்ள என்னை விழ வைக்கத்தான். உனக்குத் தெரிஞ்சா நீ என்னை இந்த வேலைக்கே விட மாட்டேன்னுதான்... பழியை இவன் ஏத்துக்கிட்டான்.

கூட்டாளி: கை உடையும்னு நினைக்கல அண்ணி. மன்னிச்சிடுங்க.

மனைவி: மன்னிக்கறதா! உள்ள வந்து உக்காருடா, என் ராசா. ரெண்டு கையும் உடைஞ்சிருந்தாலும் பரவாயில்ல... ஊட்டி விட எனக்கு ஒரு ஆள் மிச்சம் இருக்கே!