மூப்பர் சிரித்தார் என்று பத்திரிகை சொல்கிறது

அவைத்தலைவி ரிக்கி அம்மையார் அவர்களே! அவையை அலங்கரிக்கும் திருச்சபை மூப்பர்களே! அந்த மூப்பர்களையே அதட்டி, அலங்கரித்து, அனுப்பிவைக்கும் தாய்மார்களே! பின்வரிசையில் உப்புக்கண்டம் மென்றபடி வீற்றிருக்கும் ஆட்டுப்பண்ணைத் தோழர்களே! அனைவருக்கும் வணக்கம்.

என்ன தம்பி, திரையை ஏன் தூக்கவில்லை என்கிறாயா? பொறு. வழக்கப்படி என் பேச்சு முடியாமல் அது மேலே போகாது. மேசையில் இருக்கும் கத்திரிக்கோலையும் யாரும் தொட வேண்டாம்; அது எனக்குத் தேவைப்படும்.

நம் தென்னாப்பிரிக்காவை ஆங்கிலேய ராணி ஆண்ட காலம். கோர்ட்டுக்கு ஆங்கிலம், கோயிலுக்கு டச்சு, நம் ஆப்பிரிக்கான்ஸுக்கு? அடுப்படி! ஆட்டுப்பட்டி! அந்தப் பேச்சை நம் வாயில் ஊட்டி வளர்த்தவர்கள் அடுப்படியில் நின்ற அடிமைத் தாய்மார்கள் என்பதை எவனாவது எண்ணிப் பார்த்தானா?

எண்ணிப் பார்த்தார் ஒருவர். ஒக்கர்ட் தெரோன்! நம் கரூ வட்டாரப் பத்திரிகைக்கு ஆசிரியரும் அவரே, அச்சுக்கோப்பவரும் அவரே, ஊரார் திட்டினால் வாங்கிக்கொள்பவரும் அவரே! அடுப்படிப் பேச்சிலேயே ஒரு நாடகம் எழுதினார். ஞாயிறு திருவிருந்து ஆராதனைக்காக மாட்டுவண்டி கட்டிவந்து எல்லோரும் கோயில் திடலில் கூடாரம் அடிப்போமே, அந்தச் சனிக்கிழமை அரங்கேற்றம். பத்திரிகையோ வியாழக்கிழமையே வந்தாக வேண்டும். என்ன செய்தார்? நடக்காத நாடகத்துக்கு, நடந்ததாகவே விமர்சனம் அச்சடித்துவிட்டார்! "இரண்டாம் காட்சியில் தாய்மார்கள் அழுதனர். மூப்பர் சரெல் ஃபிசாகி எழுந்து நின்று வயிறு குலுங்கச் சிரித்தார்."

யார் இந்த சரெல்? நாடகம் பாவம், அடுப்படிப் பேச்சில் நாடகம் மகாபாவம் என்று, திரையைக் கிழிக்கக் ஆட்டுரோமம் கத்தரிக்கும் கத்திரிக்கோலோடு காத்திருந்தவர்! அன்று திரை கிழிந்திருந்தால், நம் மொழி அடுப்படியிலேயே அடைந்து கிடந்திருக்கும்.

நம் ஆட்களைத் தெரியாதா? பத்திரிகையை விட்டால் அவர்கள் அச்சில் கண்டது வேதாகமம் ஒன்றைத்தான். அச்சில் வந்தால் சத்தியம்! இரண்டாம் காட்சி வந்ததும் தாய்மார்கள் கைக்குட்டையை எடுத்து ஒழுங்காக அழுதார்கள். மேடையில் நடந்தது என்ன? கல்யாணம்! அழுது முடித்து, அரங்கமே சரெலைத் திரும்பிப் பார்த்தது.

கத்திரிக்கோலோடு எழுந்தார்.

"எந்திரிச்சிட்டாரு! பத்திரிகையில போட்ட மாதிரியே!"

"நான் சிரிக்கல! சிரிக்கவும் மாட்டேன்!"

"சிரிச்சிருங்க மாமா! விடிஞ்சா திருவிருந்து. நீங்க சிரிக்காட்டி பத்திரிகை பொய்யாயிடும்; பொய்யைப் படிச்சிட்டா போய் பந்தியில உக்கார முடியும்?"

மனைவி ஹெஸ்டர் விடுவாளா? "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து ஒரு தடவை சிரிச்சிருக்கியா மனுஷா? நானும் பாத்துட்டுப் போறேனே!"

தூய டச்சில் சபிக்கத்தான் மூப்பர் வாயைத் திறந்தார். கோபத்தில் டச்சு வரவில்லை, ஐயா! வந்தது அடுப்படிப் பேச்சு! "எவன்டா என்னைச் சிரிக்க வைக்கிறவன்? அடுப்புல மறந்த ஆட்டுத்தலை மாதிரி என் மானம் கருகுதேடா!"

மேடையில் அதுவரை பேசியதைவிட நல்ல வசனம்! கைதட்டல் கூரையைத் தூக்கியது. இன்னொரு வசனம் விட்டார்; இன்னும் கைதட்டல். அடுத்த வசனத்துக்கு வாயெடுத்தவருக்குத் தனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கத்திரிக்கோல் கீழே விழுந்தது. ஹெஸ்டர் மட்டும் மறுபடி அழுதாள்; இந்த முறை பத்திரிகைக்காக அல்ல.

அன்றுமுதல் நம் வட்டாரத்தில் மூப்பர் ஒருவர் எழுந்து எதிர்க்காமல் எந்த நாடகமும் தொடங்கியதில்லை. இந்த ஆண்டு அந்தப் பொறுப்பு எனக்கு. கொடுங்கள் கத்திரிக்கோலை!

இந்த நாடகத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன்! திரையைக் கிழிப்பேன்! ஏன் கைதட்டுகிறீர்கள்? நான் சிரிக்கவில்லை... முன்வரிசையில் என் மனைவி, அவள் சிரித்தால் நான் என்ன செய்வேன்?

மூப்பர் அருமையாகப் பேசினார் என்று வியாழக்கிழமையே அச்சேற்றிவிட்ட பத்திரிகைக்கு நன்றி. அதை மெய்யாக்கிய உங்களுக்கு வணக்கம்.

தூக்குங்கடா திரையை!