மூண்டு மாசத் தலைவர்

…மூண்டு மாசத்துக்கெண்டு வந்த மனுசன் தம்பி! தலையை ஆட்டாதையும், காதடியிலை கத்தரிக்கோல் நிக்குது. முந்தின தலைவர் பாரிசை விட்டு லண்டனுக்குப் போட்டார், எங்கடை தமிழ்ச் சங்கத்தைப் பொறுப்பெடுக்க ஒருத்தரும் இல்லை. அப்ப உவர் இராஜேந்திரன் எழும்பி, இடைக்காலமா நான் பாக்கிறன் எண்டார். நாங்களும் கையைத் தட்டினம். அண்டைக்கு என்ர மகன் தவண்டு திரிஞ்சவன். இப்ப திரான்சி ஊரிலை இருந்து வந்து இந்தக் கதிரையிலை இருந்து என்னட்டைத் தாடி வெட்டுவிக்கிறான். இடைக்காலம் மட்டும் இன்னும் முடியேல்லை.

ஓமோம்… நீர் கேட்ட விசயத்துக்கு வாறன், பொறும். ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்திலை உம்மடை மனுசி மிருணாளினி தலைவர் பதவிக்குக் கேக்கிறா. அவவின்ர பேரை நான் வழிமொழியோணும். அதானே? நல்ல விசயம். கேள்வி கேக்கத் தெரிஞ்ச பிள்ளை. ஆனா சாந்தன், நீர் லெ பிளாங்-மெனில் ஊரிலை இருக்கிற இளம் ஆள், உமக்கு உந்த மனுசன்ர வரலாறு தெரியாது. கொஞ்சம் குனியும்.

முதல் வருசம் ஆள் தங்கம். ஆண்டு விழாவுக்கு அவரே கதிரை தூக்கினார், வெங்காயம் வெட்டினார். அடுத்த வருசம் தூக்கின கதிரையிலை இருந்தார். பேந்து எழும்பவேயில்லை. விழா மலரைத் திறந்தா முதல் பக்கம் அவர், நடுப்பக்கம் அவர், அஞ்சலிப் பக்கத்திலையும் செத்தவரோடை நிண்டு எடுத்த படத்திலை அவர். வயசு எழுபது தாண்டீட்டுது, தலையிலை ஒரு நரை இருக்கோ? எப்பிடி இருக்கும்? நான்தானே பூசி விடுறன்.

றொமேஷ் எண்டு ஒரு பெடியன் எதிர்த்துக் கேட்டவன். அடுத்த கிழமையே அவனைச் சர்வதேச இணைப்பாளர் ஆக்கிப்போட்டார். வேலை என்ன தெரியுமே? விழாவிலை ஸ்பீக்கர் இறக்கிறது! அவனும் கோட் போட்டுக்கொண்டு இறக்கினான். மற்றபடி, கூட்டத்திலை ஆரும் கேள்வி கேட்டா மைக் செத்துப்போம். மைக்குக்குக் கிட்ட இருக்கிறது அவரின்ர மருமகன், விளங்குதோ?

எல்லாத்தையும் பொறுத்தன் தம்பி. போன வருசம் ஒரேயொரு சொல்லுச் சொன்னன்… தலைவர், இளம் ஆக்களுக்கும் கொஞ்சம் இடம் விடலாமே எண்டு. அவ்வளவுதான். சிரிச்சார். விழா அண்டைக்கு நிகழ்ச்சி நிரலைப் பாத்தா, என்ர கடைசிப் பிள்ளை தர்மிளாவின்ர நடனம் சாப்பாட்டுக்குப் பிறகு! சனம் புரியாணிக்கு வரிசையிலை நிக்குது. பிள்ளை வெறும் கதிரையளுக்கு ஆடினாள். நானும் மனுசியும் மட்டும் முன்னுக்கு இருந்து கை தட்டினம். வீட்டை போகுமட்டும் அவள் சலங்கையை மடியிலை வைச்சுக்கொண்டு ஜன்னலைப் பாத்தபடி வந்தாள். நெஞ்சு கொதிச்சுது தம்பி. இப்பவும் கொதிக்குது.

அதாலைதான் சொல்லுறன், ஞாயிற்றுக்கிழமை உம்மடை மனுசிக்காக எழும்பி நிக்கப்போறது நான்தான். வேறை ஆர் இருக்கினம்? சங்கத்திலை பத்து வருசம் கடந்த ஆள்தான் வழிமொழியலாம் எண்டு விதி. பழைய ஆக்களிலை ஒருத்தர் போய்ச் சேந்திட்டார், ஒருத்தர் கனடா, மற்றவர் தலைவற்றை மச்சான். மிச்சம் நான் ஒருத்தன். நான் எழும்பாட்டி அவவின்ர பேர் பலகையிலையே ஏறாது.

உந்த விசர் விதியை ஆர் போட்டதெண்டோ கேக்கிறீர்? அது… அது நான் சும்மா சொன்னது. ஒருக்காப் புதுசா வந்த ஒருத்தன் தலைவர் பதவிக்கு வரப்பாத்தான். தலைவர் இதிலை இருந்து கவலைப்பட்டார். தலைவெட்டேக்கை வாய் சும்மா இருக்குமே? பழைய ஆக்கள்தான் வழிமொழியலாம் எண்டு ஒண்டைப் போடுங்கோ எண்டன். இரண்டு தரத்துக்கு மேலை தலைவரா இருக்கேலாது எண்டு யாப்பிலை இருந்தது, அதுக்கும் நான்தான் வழி சொன்னனான். சங்கத்தை ஒன்றியம் எண்டு மாத்தி பிறிபெக்சர் கந்தோரிலை புதுசாப் பதிஞ்சா, எண்ணிக்கை திரும்ப முதல்லை இருந்து வரும் எண்டன். மனுசன் உடனை செய்து போட்டார். பிறகு பேரவை எண்டும் மாத்தினார். ஆனா மூளை என்ரதான். ஏன் முழிக்கிறீர்? நேரை பாரும், இந்தப் பக்கம் முடியப்போகுது.

பொறும், போன் அடிக்குது. அலோ… ஓம் தலைவர்… இல்லையில்லை, ஒரு கஸ்டமர்தான்… ஓம், சனிக்கிழமை வாங்கோ, பூசி விடுறன்… என்ன? தர்மிளாவோ? இந்த முறை வரவேற்பு நடனமே அவளோ? விளக்கேத்தின உடனையோ… முழுச் சனமும் இருக்கேக்கை… ஐயோ, சந்தோசம் தலைவர்… சீச்சீ, உதையெல்லாம் நீங்கள் கேக்கவேணுமே? உங்கடை பேரை வேறை ஆர் வழிமொழியிறது? ஒவ்வொரு முறையும் நான்தானே… வைக்கிறன், வைக்கிறன்.

குறை நினையாதையும் சாந்தன். நீரும் பிள்ளை பெத்த ஆள்தானே… அடுத்த முறை கட்டாயம், என்ன? மிருணாளினிக்கும் இன்னும் வயசிருக்கு… இஞ்சை, ஏன் எழும்புறீர்? போர்வையோடை எங்கை போறீர்? ஒரு பக்கம்தானே வெட்டிக் கிடக்கு. மற்றப் பக்கத்தையும் வெட்டிப்போட்டுக் கோவியும்… சாந்தன்! உந்தக் கோலத்திலை ரூ காய் தெரு முழுக்க நடந்தா, ஆர் வெட்டினதெண்டு சனம் கேக்குமெல்லே…

கேட்டா, என்ர பேரைச் சொல்லிப்போடாதையும்.