அமலா செத்தது அடுப்புத் தீயில் அல்ல

ஓடுகிறேன். முதுகில் சூடு. காலில் செருப்பில்லை. முதல் வெடி ஒரே சத்தம், 'டம்'. இரண்டாவது நீண்டது. தகரத்தைக் கிழிப்பது போல.

"ஏலே, திரும்பிப் பாக்காதீக! ஓடுங்க! மருந்து ரூம் போகுது!"

போர்மேன் கத்துகிறார். நான் திரும்பிப் பார்த்தேன். என் தங்கை அமலா அறை வாசலில் நின்றாள். உடம்பில் சேலை இல்லை. எரிந்துவிட்டது. "அக்கா, தண்ணி" என்றாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். அவள் கைத்தோல் என் கையோடு வந்தது.

செவ்வாய்க்கிழமை. காலை பத்தே கால். சுனாமிக்கு அடுத்த வருஷம், தீபாவளி சீசன். சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தம் தாண்டி, பொட்டல் காட்டில் இருந்த பட்டாசுக் கம்பெனி. மருந்து அறையில், வெடிமருந்து கலக்க, நாங்கள் ஆறு பெண்கள். நான் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தேன். அதனால் இருக்கிறேன்.

மூன்று பேர் அங்கேயே முடிந்தார்கள். அமலாவையும் காளியம்மாளையும் போர்மேன் கம்பெனி வேனில் ஏற்றி வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சேர்க்கும்போது அவர்தான் சொன்னார். வீட்டில் அடுப்பு வெடித்தது என்று. அப்படியே எழுதிக்கொண்டார்கள். மறுநாள் கையில் கட்டோடு நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு அது தெரியாது.

காளியம்மாள் ஆறாம் நாள் போனாள். அமலா பதினோராம் நாள். வெள்ளிக்கிழமை, மாலை நான்கு. மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்தது வரவில்லை.

அடக்கம் முடிந்து வந்தோம். வாசலில் போலீஸ். அமலாவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். அடுப்பில் எரிந்து செத்தால் புருஷனைத்தான் பிடிப்பார்கள். அவள் புருஷன் அருள் அச்சாபீசில் லோடு ஏற்றுகிறவன். வெடித்தபோது வேலையில் இருந்தான். "அவ கம்பெனியில வெந்து செத்தாய்யா! நான் பாத்தேன்யா!" என்று கத்தினேன். ஜீப் அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அமலா பெயருக்கு நேரே அங்கேயும் அடுப்பு என்றே எழுதியிருந்தது. விபத்துச் செய்தி வந்த பேப்பரை நீட்டினேன். காயம்பட்டவர்களில் அமலா பெயர் இருந்தது. செத்தவர்களில் ஸ்டெல்லா. அது நான். எழுத்தர் சிரித்தார்.

"பேப்பர்படி நீங்களே செத்துட்டீகளே. இதை எப்பிடி நம்புறது?"

பக்கத்து மேசையில் மாவட்டத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி அம்மா. பேப்பரில் வரும் சாவுகளையும் பதிவேட்டையும் ஒத்துப் பார்ப்பது அவர் வேலை. என் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"மொத நாள் செத்தவுகளத்தான் பேப்பர்ல போடுறாக. பின்னால சாகுறவுகளப் பேப்பரும் விட்டுருது, நாங்களும் விட்டுர்றோம். இன்னொரு பேப்பர் கொண்டாங்கம்மா. ரெண்டுலயும் அவுக பேரு இருந்தா மாத்தி எழுதுறேன்."

பழைய பேப்பர் கடை பாயிடம் போனேன். சிவகாசியில் பழைய பேப்பர் வெடிக்குக் குழாய் சுற்றத்தான் போகும். குடோன் நிறையக் கட்டுகள்.

"வெள்ளிக்கிழமை லோடு போகுதும்மா. அதுக்குள்ள தேடிக்கோங்க. நானும் பிரிச்சுத் தாறேன்."

மூன்று நாள். என் கைக்கட்டிலிருந்து சீழ் வடிந்தது. பாய் பிரிப்பார், நான் படிப்பேன். வியாழன் மதியம் கிடைத்தது. உள்பக்கம். நாலு வரி. அமலா, காளியம்மாள், ஸ்டெல்லா, பட்டாசு ஆலை வெடி விபத்தில் தீக்காயம். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அதிகாரி அம்மா சொன்னபடி செய்தார். நான் பார்க்கவே அடுப்பு என்ற சொல்லை அடித்தார். பட்டாசு ஆலை வெடி விபத்து என்று எழுதினார். நகல் ஸ்டேஷனுக்குப் போனது. நாற்பத்து மூன்றாம் நாள் அருளை விட்டார்கள். அதற்குள் அவன் கையெழுத்துப் போட்டிருந்தான். நான்தான் கொளுத்தினேன் என்று.

"அடிய நிறுத்துவாகன்னுதான் போட்டேன் மதினி."

வலது பக்கம் நின்று பேசினால்தான் அவனுக்குக் கேட்டது.

காளியம்மாளுக்கும் எழுதச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் வீட்டிலிருந்து மனு வர வேண்டும் என்றார்கள். அவள் புருஷனிடம் போனேன். கம்பெனி அவருக்கு வாட்ச்மேன் வேலை கொடுத்திருந்தது. காக்கிச் சட்டையோடு வெளியே வந்தார். "போயிரு தாயி" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

முத்துலட்சுமி. ஜோதி. பேச்சியம்மாள். இவர்கள் அறையிலேயே. காளியம்மாள் ஆறாம் நாள். என் அமலா பதினோராம் நாள், வயது இருபத்தொன்று. அருளின் இடது காது. என் வலது கையில் இரண்டு விரல்.

வெடியில் செத்தவர்கள் ஐந்து பேர். பதிவேட்டில் வெடி விபத்து என்று நான்கு.