எலியா சாரின் நகங்கள்

நகம் வெட்டுவதற்குக் குளித்து முடித்த கையோடு உட்காருவதுதான் நல்லது, மேடம். நகம் ஊறி மெதுவாக இருக்கும். காய்ந்த நகத்தை வெட்டினால் தெறித்து ஒன்றிரண்டு காணாமல்போகும். எனக்கு எதுவும் காணாமல்போகக் கூடாது. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், அது பழகிப்போன புத்தி.

போலீஸிடம் சொல்வது கோர்ட்டில் செல்லாது, வாயைத் திறக்காதே என்று என் வக்கீல் படித்துப் படித்துச் சொன்னார். செல்லாவிட்டால் போகட்டும். காலையிலிருந்து நீங்கள் கேட்கும் கேள்விகள் முன்னும் பின்னுமாகக் கிடக்கின்றன, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வரிசையாக நானே சொல்லிவிடுகிறேன்.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை எலியா சாரைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் என்ன செய்தார் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. உதியன்குளங்கரை ஜங்ஷனில் இறங்கி உள்ளே திரும்பினால் ரப்பர் தோட்டத்தை ஒட்டி அவர் வீடு. கிளாசிக்கல் கிட்டார் வாத்தியார். சர்ச் கொயரில் நின்றபடி பாட்டுக்குத் துணையாகக் கிட்டாரில் நாலு கார்டு பிடித்தால் போதும் என்று வருகிற பையன்களை உட்காரவைத்து, இடது காலுக்கு ஒரு குட்டி முக்காலி போட்டு, ஒரே ஒரு கம்பியை மாதக்கணக்கில் மீட்டச் சொல்வார். முக்கால்வாசிப் பேர் ஓடிவிடுவார்கள். அவர் சொல்லித்தரும் முறையில் வலது கை நகத்தால்தான் மீட்ட வேண்டும், வேறு எதுவும் கூடாது. அதற்காக அந்தக் கை நகங்களை வளர்த்து, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து வளைவு பார்த்துக்கொண்டிருப்பார். பலாச்சக்கை உரிக்க மாட்டார், பாத்திரம் தொட மாட்டார். அவர் மனைவி ராஜபாய் அக்கா உயிரோடிருந்தவரை, "எனக்க வீட்டுக்காரருக்கு நகம்தானாக்கும் பெஞ்சாதி. நான் சும்மா வேலைக்கு நிக்கியவ" என்று சொல்லிச் சிரிப்பார்.

சர்ச்சில் பாடும் பழைய கீர்த்தனைகளை, பாடுகிறவர் யாருமில்லாமல் ஆறு கம்பிகளில் மட்டும் ஒலிக்கும்படி எழுதுவதுதான் சாரின் வாழ்நாள் வேலை. ஐந்து கோட்டுத் தாள்களில் எழுதுவார், ஒவ்வொரு சுரத்தின் பக்கத்திலும் எந்த விரலால் அழுத்த வேண்டும் என்று பென்சிலால் குறிப்பார். அந்தத் தாள்களைத்தான் உங்கள் ஆட்கள் பதினான்கு பெட்டிகளாகத் தூக்கிவந்து ஸ்டேஷன் வராந்தாவில் அடுக்கியிருக்கிறார்கள். தூறல் அடிக்கிறது, உள்ளே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

நான் அதியன்னூர்க்காரி. பதினேழு வயதில், வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு அவரிடம் கிட்டார் கற்கப் போனேன். சார் என் இடது கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். குழந்தையில் கொதிக்கும் கஞ்சி கொட்டி மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையோடு மடங்கிப்போன கை இது. நன்றாகப் பாருங்கள், வெட்கமில்லை. அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தக் கை வச்சு பற்றாது மக்கா. நாலு விரலும் வேணும். உனக்க கையெழுத்து நல்லா உண்டுல்லா, எனக்குப் பகர்த்தி எழுதித் தா" என்றார்.

அவர் சொன்னது நியாயம். எனக்குக் கோபம் வரவில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள் மேடம், கோபம் எதுவும் இல்லை. மறு சனிக்கிழமையே போய் உட்கார்ந்து, அவர் தாள்களைப் பார்த்துப் படியெடுத்து எழுத ஆரம்பித்தேன். வேலை கிடைத்தது, அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்தார்கள், பார்க்க வந்த மாப்பிள்ளைகள் கையைப் பார்த்துவிட்டுக் காப்பியோடு கிளம்பிப் போனார்கள். சனிக்கிழமை மட்டும் மாறவில்லை. பக்கத்து அறையில் சார் யாருக்காவது சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பார், நான் எழுதிக்கொண்டிருப்பேன். அந்தப் பாட்டுகள் என் கைவழியாகப் போயின. ஒன்றுகூட நான் வாசித்ததில்லை.

திருவனந்தபுரத்தில் ஓர் இசை ஆவணக் காப்பகம் சாரின் காகிதங்கள் முழுவதையும் கேட்டது போன வருஷம். சார் கேட்டதும், "அவியளுக்கு இது எதுக்கு?" என்றார், ஆனால் அன்றைக்கு இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டார். அடுக்கிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு. ஒவ்வொரு தாளுக்கும் எண், ஒவ்வொரு பெட்டிக்கும் பட்டியல். காகிதம் எப்படிக் கிடைத்ததோ அப்படியே இருக்க வேண்டும், ஒரு கோடு கூட்டக் கூடாது, ஒரு கோடு குறைக்கக் கூடாது என்பது இந்த வேலையின் முதல் பாடம். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு செய்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

வேலை முடியும் நேரத்தில் சாருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம். பேச்சு குழறியது, பிறகு தெளிந்தது. மகள் சோனா அயர்லாந்தில் நர்ஸ். வந்து பார்த்து, லீவு முடிந்து, ஏர்போர்ட்டுக்குப் போகும்முன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "விமலாக்கா, நீங்க கூட நிக்கணும். அப்பாக்கு வேற ஆரு உண்டு?" நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே போனேன். குளிப்பாட்டினேன், கஞ்சி கொடுத்தேன், மாத்திரை கொடுத்தேன். அந்த நாட்களைப் பற்றி யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

அஜீஷ் என்ற பிசியோதெரபிப் பையன் வாரத்துக்கு இரண்டு முறை வந்தான். அவன் புண்ணியத்தில் சாரின் இடது கையில் இரண்டு விரல்கள் உயிர்பெற்றன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். மற்றவை வரவில்லை. சார் கிட்டாரை மடியில் வைத்துத் தரச் சொன்னார். இரண்டு விரலை வைத்துக்கொண்டு, ஒரு கம்பியின் சுருதியை இறக்கி, தட்டுத்தடுமாறி எதையோ தேடிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள், "விமலே, அந்தப் பேப்பரெல்லாம் எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தது என் தப்பு. திரும்பி வந்து பார்த்தால் எண் போட்ட தாளில் ரப்பரால் அழித்துக்கொண்டிருக்கிறார். கட்டைவிரல் கனத்துக்கு ரப்பர்த் தூள். புதுத் தாள் தருகிறேன் சார், அதில் எழுதுங்கள் என்றேன்.

"அது எதுக்கு? இதாக்கும் சரி. முன்ன எழுதினது தப்பு."

"எல்லாமா சார்?"

"எல்லாம்தான் மக்கா. சும்மா வெரலு காட்டி வித்தை வச்சிருக்கேன். பாட்டுக்கு இவ்வளவு வெரலு வேண்டாம்."

நாற்பது வருஷம் நான் பகர்த்தி எழுதியதைத்தான் தப்பு என்றார். தூளைக் கூட்டி அள்ளினேன்.

அவர் விடவில்லை. தினமும் ஒரு தாள் கேட்டார். பூட்டிவைத்தால் சாவியைக் கேட்டார். குழந்தையிடம் பேசுவதுபோல எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை. காப்பகத்திலிருந்து எப்போது தருவீர்கள் என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். எழுதியவர் உயிரோடு பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தால் எந்தத் தொகுப்பும் முடிவதில்லை மேடம். இது உங்களுக்கு விளங்காது, ஆனால் உண்மை.

ஆகவே ஒருநாள் குளிப்பாட்டி முடித்ததும் வலது கை நகங்களை வெட்டினேன். அடியோடு, சதை தெரிய. முதல் நகம் விழுந்தபோது சார் கையை இழுக்கப் பார்த்தார், நான் விடவில்லை. "எதுக்கு மக்கா?" என்று கேட்டார். சுத்தம் சார் என்றேன். மற்ற விரல்களை அவரே நீட்டிக்கொடுத்தார். அன்று முழுக்க அந்தக் கையை வேட்டியில் மூடி வைத்திருந்தார். நகங்களை நான் ஒரு உறையில் போட்டு எண் எழுதினேன். ஒரு கிட்டார் வாத்தியாரின் நகம் அவருடைய வாத்தியத்தின் பகுதி, குப்பையில் போடுகிற பொருளில்லை.

நகம் போனால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ விரல் சதையால் மீட்டினார். சத்தம் மெல்லியதாக, பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும்படி வந்தது. கம்பிகளைத் தளர்த்தி, மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி, கிட்டாரைப் பரணில் ஏற்றினேன். அஜீஷிடம், சாருக்கு அலுப்பு, இனி வர வேண்டாம் என்றேன். கிட்டார் இல்லாமலும் எழுதினார். காதுக்குள் கேட்கிறது என்றார்.

அப்போதுதான் மாத்திரையை நிறுத்தினேன். ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுப்பது. அதற்குப் பதில் அதே அளவில் ஒரு சத்து மாத்திரை. வாயைத் திறந்து நாக்கை நீட்டுவார், நான் வைப்பேன், "நீ இல்லேன்னா நான் என்ன செய்வேன்" என்பார். தினமும் சொல்வார். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. கொடுக்காத மாத்திரைகளை எறிய மனம் வரவில்லை. அவற்றையும் உறையில் போட்டு, 'கொடுக்காதவை' என்று தேதியோடு எழுதி, நகத்துக்குப் பக்கத்தில், பதினான்காம் பெட்டியில், தனிப்பட்ட பொருட்கள் என்ற தலைப்பில் வைத்தேன். காப்பகத்துப் பெண் பெட்டியைப் பிரித்துப் பார்த்துச் சோனாவைக் கூப்பிட்டது அதனால்தான். எறிந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் தொகுப்பில் ஒரு குறை இருந்திருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் வரிசை கெடும். மாத்திரையை நிறுத்துவதற்கு முந்தின நாள், சார் ஒரு தாளை முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் மனைவிக்கு ரொம்பப் பிடித்த கீர்த்தனை அது. தாளின் உச்சியில் கோணல் எழுத்தில் 'விமலாவுக்கு' என்று எழுதியிருந்தார்.

"இது எனக்க கைக்கு எழுதினது இல்ல மக்கா. உனக்க கைக்கு. ரெண்டு வெரலு போதும். விழுந்த பெறவுதான் எனக்கே தெரிஞ்சுது. அந்தக் கிட்டாரை எறக்கு. இப்பிடி இரி, சொல்லித் தாறேன்."

எனக்கு அறுபது வயது நெருங்குகிறது மேடம். அடுப்பில் வேலை உண்டு சார் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அடுக்களையில் சும்மா நின்றேன். அந்த இரண்டு விரல் பதினேழு வயதிலும் எனக்கு இருந்தது.

கோபம் இல்லை என்று முன்பே எழுதிவிட்டீர்கள், அப்படியே இருக்கட்டும்.

பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அக்கம்பக்கம் எல்லாரும் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். சார் நாற்காலியில் சரிந்தார், வாய் கோணியது, கண் மட்டும் என் பின்னால் வந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். நான் மேசைக்குப் போய், அவர் மாற்றிய தாள்களை வரிசையாக வைத்து அழிக்க ஆரம்பித்தேன். பழைய விரல் குறிகளை மறுபடி எழுதினேன், எனக்கு எல்லாம் மனப்பாடம். 'விமலாவுக்கு' என்பதைக் கடைசியில் அழித்தேன். அழுத்தி எழுதியிருந்தார், அழிக்கச் சிரமமாக இருந்தது. சார் பார்த்துக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்து பக்கத்து வீட்டு மோகனன் பைக் சத்தம் கேட்ட பிறகுதான் வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன். அவர் என்னைத் தேற்றினார்.

அதன்பிறகு சார் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது பக்கமும் போய்விட்டது, மிஞ்சியது அந்த இடது கை இரண்டு விரல்கள்தான். நான் வாய் துடைக்கக் குனியும்போதெல்லாம் அந்தக் கை வந்து என் முழங்கையைப் பிடிக்கும். கிட்டார் கழுத்தைப் பிடிப்பதுபோல. இரண்டு விரலும் என் தோலில் அழுத்தி, நகர்ந்து, அழுத்தும். எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியும். முதல் வரி முடிந்து இரண்டாம் வரி ஏறும் இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். நான் கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்து ஓரத்தைச் செருகிவிடுவேன். வந்து பார்த்த டாக்டரிடம் நடுக்கம் என்று சொன்னேன். போர்வைக்குள்ளும் அது நிற்கவில்லை. மழை விட்ட ஒரு காலையில் நின்றது.

அவ்வளவுதான். சாரைக் கொன்றது நான். காகிதங்களுக்காகத்தான் செய்தேன், எனக்காக எதுவும் செய்யவில்லை. சோனா நேற்று இங்கே வந்து, அப்பா கடைசியாக எழுதியதை மீட்க வழி உண்டா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். தாளில் ஒன்றும் மிஞ்சவில்லை, வேறெங்கும் இல்லை என்று சொன்னேன். அழுதுகொண்டே போனாள், பாவம். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

நான் பேச ஆரம்பித்ததிலிருந்து நீங்கள் மேசை விளிம்பில் என் இடது கையையே பார்க்கிறீர்கள் மேடம். அதை எழுத வேண்டாம். அது நடுக்கம்.