பொய்ப் புரதங்கள் பற்றி நான் சொன்னது

பெயர் சிவகுருநாதன் பூரணி. வயது இருபத்தேழு. விலாசம் உப்புவெளி, கடற்கரை வீதி. தொழில் ஆராய்ச்சி உதவியாளர். 2008ஆம் ஆண்டு நீதவான் முன்னிலையில் நான் சொல்ல, தமிழில் எழுதப்பட்டது.

நானும் குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த அபூதாஹிர் ஸுஹைரும் திருக்கை மீனின் வால் முள்ளில் உள்ள நஞ்சின் புரதங்களை ஆராய்கிறோம். கொழும்பிலுள்ள இயந்திரம் புரதத் துண்டுகளின் எடையை அளந்து தரும். அந்தத் தரவைக் கணினித் திரையில் கோடுகளாக வரைந்து, மென்பொருள் சொல்லும் புரதப் பெயர் சரிதானா என்று சோதிப்பது எங்கள் வேலை.

சென்ற செவ்வாய்க்கிழமை துறைமுக வீதிச் சோதனைச் சாவடியில் எங்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார்கள். திரையில் தெரிந்த கோடுகள் துறைமுகத்தின் ஆழ அளவுகளா என்று கேட்டார்கள். அதன் பின்னர் ‘நஞ்சு’ என்ற கோப்பைக் கண்டார்கள். அதன் பின்னர் பஸ்ஸில் வந்த எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, சாக்கால் முகம் மூடிய ஒருவரைக் காவலரணுக்குள்ளிருந்து கொண்டுவந்தார்கள். அவர் யாருக்கு முன்னால் தலையசைக்கிறாரோ அவரைச் சந்தேக நபரென்று பிடித்துச் செல்வார்கள். எனக்கு முன்னால் அவரது தலை அசையவில்லை. ஸுஹைருக்கு முன்னால் அசைந்தது.

அப்போது ஜீப்பில் வந்திறங்கிய அதிகாரி ‘பொய்ப் புரதங்கள்’ என்ற கோப்பைக் காட்டி, “பொய் எதுக்கு?” என்று கேட்டார். மென்பொருள் தேடிப் பார்க்கும் பட்டியலில் உலகில் இல்லாத புரதங்களையும் நாங்களே வேண்டுமென்று கலந்து வைப்போம், மென்பொருள் அவற்றையும் கண்டதாகச் சொன்னால் அது சொல்லும் மற்றவற்றை எவ்வளவு நம்பலாம் என்று தெரியவரும் என்றேன். அதன் பின்னர், எங்கிருந்து துணிவு வந்ததோ, “சேர், உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒராளையும் இந்த வரிசையில விட்டுப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டேன்.

அதிகாரி சிரித்தார். தனது சாரதியின் சீருடைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, அவரை ஸுஹைருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். முகம் மூடியவரை மறுபடி கொண்டுவந்தார்கள். சாரதிக்கு முன்னாலும் தலை அசைந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். சாரதியும் சிரித்தார். இனி விட்டுவிடுவார்கள் என்று நம்பி நானும் சிரித்தேன். அதன் பின்னர் ஸுஹைரின் கைகளைக் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். “உம்மாக்கிட்டச் சொல்லிடுங்க பூரணி” என்றார். சாரதி சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, அந்த ஜீப்பை ஓட்டிச் சென்றார்.

ஸுஹைர் எங்கே என்று இதுவரை எவரும் எனக்குச் சொல்லவில்லை.

எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நடந்தது இதுவே, கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை என்று ஒப்பமிடுகிறேன்.

சி. பூரணி