பதினோராம் நாள் முகப்பு

முகப்பில் ஒரே படம் இரண்டு நாள் கிடந்தால் எனக்குச் சோறு இறங்காது ஐயா. விசாரணை தொடங்குமுன் அதைச் சொல்லிவிடுகிறேன், என்னைப் புரிந்துகொள்ள உங்களுக்கு உதவும். இணையத்தில் செய்தித்தளம் என்றால் உங்கள் அலுவலகத்தில் பாதிப் பேருக்கு இன்னும் விளங்கவில்லை. 2001தானே, போகப்போக விளங்கும். தளத்தைத் திறந்ததும் கண்ணில் படும் முதல் பக்கம் முகப்பு. அதில் வரும் சிறப்புக் கட்டுரைகளுக்கு நான் ஆசிரியர். எதை மேலே வைப்பது, எப்போது இறக்குவது, என்ன தலைப்பு, எல்லாம் என் பொறுப்பு.

வேலை சென்னையில் என்றாலும் ஊர் உத்திரமேரூர். அத்தா காஜா மொய்தீன் பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மூட்டை இறக்க வருகிறவர்தான் வேதகிரி. திருப்புலிவனம் பக்கத்துக் காலனிக்காரர். சின்ன வயதிலிருந்து என்னை அவருக்குத் தெரியும், தௌபீக் என்று கூப்பிட்டதே இல்லை, சின்ன பாய்தான். அவர் காலனியில் யாராவது செத்தால் சுடுகாட்டுக்கு வரப்பின் மேல்தான் தூக்கிப் போக வேண்டும். இருந்த பாதையை ஒருத்தர் வளைத்துப் போட்டு நெல் நட்டுவிட்டார். போன கார்த்திகை மழையில் வேதகிரியின் பெண்டாட்டி பாடையோடு சேற்றில் விழுந்தாள். மாசி பிறந்ததும் அவர் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே கீற்றுப் பந்தல் போட்டு, பாதை கிடைக்கும் வரை தண்ணீரைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

முதலில் எழுதியது நான்தான். ஊரிலேயே தங்கி, மூன்றாம் நாளிலிருந்து 'நாள் 3', 'நாள் 4' என்று முகப்பில் பெரிய எண் போட்டேன். தினமும் எண் மாறும், படம் மாறும். நல்ல யோசனை என்றுதான் இப்போதும் சொல்வேன். சிங்கப்பூர், அமெரிக்கா என்று எங்கிருந்தெல்லாமோ அந்த எண்ணைப் பார்க்கவே வந்தார்கள். எட்டாம் நாள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. அன்று கூட்டத்தைத் தூண்டிவிட்டு வண்டியை மறிக்கச் செய்ததும் நான்தான். அது உங்கள் காகிதங்களில் இல்லை.

பத்தாம் நாள் மதியம் எங்கள் காஞ்சிபுரம் நிருபர் சாமுவேல் ஊரில் எங்கள் வீட்டுக்கு போன் செய்தான். பாதையை மீட்டுக் கொடுக்கும் உத்தரவில் கையெழுத்தாகிவிட்டதாம், மறுநாள் பத்து மணிக்குத் தாசில்தாரே பந்தலுக்குக் கொண்டுவருவாராம். பெரியவரிடம் உடனே சொல், ஒரு வாய் மோராவது குடிக்கட்டும் என்றான். சரி என்றேன்.

நாலு மணிக்குப் போனேன். அவர் மகள் மலர்க்கொடி மோர்ச் சொம்போடு நின்றாள். அவள் கெஞ்சியும் குடிக்கவில்லை, சின்ன பாய் சொல்லட்டும் என்றுவிட்டாராம். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையில் வெறும் எலும்புதான் இருந்தது.

"முடியலை பாயி. உடம்பு போதும்ன்னுது. நிறுத்திக்கட்டா? நீ இன்னா சொல்ற?"

ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். "இன்னும் ஒரே ஒரு நாள் பெரியவரே" என்றேன். தலையாட்டினார். மலர்க்கொடி சொம்பைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். என்மேல் அவளுக்கு அப்போது கோபம் இல்லை, நம்பிக்கைதான் இருந்தது.

ஏன் என்று கேட்கிறீர்கள். அப்போதே மோர் குடித்திருந்தால் அது நாலு வரிச் செய்தி. தாசில்தார் உத்தரவோடு வரும்போது அவர் பட்டினியாகப் படுத்திருக்க வேண்டும், அதுதான் படம். அவர் பட்ட பாடும் வீணாகாது. என் கணக்கு அவ்வளவுதான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எப்படி முடியும் என்று தெரியாத விஷயத்துக்கு முந்தின சாயங்காலமே இரண்டு பக்கம் தயாராகிவிடும். நானும் இரண்டு எழுதினேன். ஒன்று, தாசில்தார் மோர் கொடுத்து முடித்துவைப்பது. இன்னொன்று அஞ்சலி. 'பாதை வந்தது, வேதகிரி இல்லை' என்று தலைப்பு. இரண்டையும் சென்னைக்கு அனுப்பினேன். காலை ஐந்தரைக்கு முகப்பு மாறும். அப்போது சிங்கப்பூரில் எட்டு மணி, அமெரிக்காவில் ராத்திரிச் சாப்பாட்டு வேளை, கூட்டம் அதிகம்.

விடியற்காலை ஐந்துக்குப் பந்தலுக்குப் போனேன். மலர்க்கொடி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வேதகிரிக்கு மூச்சு விட்டு விட்டு வந்தது, நடுவில் நான் பத்து எண்ணும் அளவுக்கு இடைவெளி. டாக்டர் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். நான் அவளை எழுப்பவில்லை. எங்கள் வீட்டுக்கு நடந்துபோய்ச் சென்னைக்கு போன் போட்டேன். எந்தப் பக்கம் என்று அலுவலகத்தில் சுகிர்தா கேட்டாள். இரண்டாவது என்றேன். போயிட்டாரா சார் என்றாள். ஆமாம் என்றேன்.

ஆறு மணிக்கு நான் திரும்பவும் பந்தலுக்கு வந்தபோது, எதிரிலிருந்த போன் பூத்தில் மலர்க்கொடி நின்றிருந்தாள். சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் அவள் சித்தப்பா மகன் எல்லப்பன் கூப்பிட்டிருந்தான். அவன் மேஸ்திரி முகப்பைப் பார்த்துச் சொன்னாராம். நான் வர்ற வரைக்கும் பெரியப்பாவை எடுக்காமல் வைத்திருப்பீர்களா என்று அழுதானாம்.

"நைனாவுக்கு மூச்சு கீதுடா," என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். "மூச்சு கீது. உனக்கு யார்ரா சொன்னது?"

அது பந்தல் வரை கேட்டது. அவர் கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தார். இப்போது முகப்பு மாறுகிற ஒவ்வொரு காலையிலும் காதருகில் 'நிறுத்திக்கட்டா' என்கிறார். நான் இன்னும் அதே பதிலைத்தான் சொல்கிறேன்.

டாக்டர் வந்து பார்த்து, ஆறே முக்காலுக்கு உயிர் பிரிந்ததாகச் சீட்டு எழுதினார். அந்தச் சீட்டையும் எங்கள் பக்கத்தையும் அருகருகே வைத்துக்கொண்டு, அவரைக் கொன்றது நானா என்கிறீர்கள். இல்லை ஐயா, கொன்றது பட்டினி. ஒன்றேகால் மணி நேரம் நான் பொறுத்திருக்க வேண்டும்; அந்தப் பிழை என்னுடையதுதான், எழுதிக்கொள்ளுங்கள்.